உப்புத்தாள் மனுஷன்

இரட்சிப்புன்னா என்னன்னு என்கிட்ட யாரும் கேட்டுடாதீங்க. கேட்டா சொல்லிடுவேன். நாலே நிமிஷம் போதும். மனுஷன் பாவி, பாவத்துக்குத் தண்டனை உண்டு, நாம நிக்க வேண்டிய இடத்துல ஆண்டவர் நின்னு அந்தத் தண்டனையை வாங்கிட்டார், அதை நம்பினவனுக்கு விடுதலை, அதுக்காக நாம ஒரு துரும்பையும் கிள்ளிப் போட வேண்டாம், எல்லாம் கிருபை, எல்லாம் இலவசம். நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லிட்டு வந்தேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் மாறாது.

போன மாசம் ஒருத்தி கேட்டுட்டா. என் முட்டிக்கு ஃபிசியோ பண்ண வர்ற பொண்ணு. திருவான்மியூர்ல இருந்து ஸ்கூட்டர்ல வருவா, நெத்தியில விபூதி, நல்ல பொண்ணு. சுவத்துல மாட்டியிருந்த வசன அட்டையைப் பார்த்துட்டு, "ஆன்ட்டி, இரட்சிப்பு இரட்சிப்புங்கிறாங்களே, அப்படின்னா என்ன? விளையாட்டுக்குக் கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்"னா. சொன்னேன். என் காலைக் கையில பிடிச்சபடியே முழுசா கேட்டா. கேட்டுட்டு, "சரிங்க ஆன்ட்டி. எங்க அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லல. அவரு இப்ப எங்க இருப்பாரு?"ன்னா.

"மெதுவா மடக்கும்மா, வலிக்குது"ன்னேன். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல.

இதே கேள்வியை என் பத்து வயசுல ஒருத்தி கேட்டா. அன்னிக்கு எனக்கு வாய் இருந்துச்சு, பதில் சொன்னேன்.

நம்ம சர்ச்சுல என் வயசு ஆளுங்களுக்கு வி.பி.எஸ். ஞாபகம் இருக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளி. மே மாசம், கத்திரி வெயில்ல, பத்து நாள். இப்ப எல்லாரும் என்னமோ பக்தியில உருகிப் போனதா பேசிக்கிறோம். சும்மா கதை விடாதீங்க. வீட்ல நம்ம தொல்லை தாங்காம அம்மாமார் கொண்டு வந்து தள்ளிட்டுப் போனாங்க, நாமளும் பதினோரு மணிக்குக் கொடுக்கிற பொறைக்காகவும் எலுமிச்சம்பழ ஜூஸுக்காகவும் உக்காந்திருந்தோம். அலுமினிய அண்டாவுல ஐஸ் மிதக்கும், ஐஸ் மேல ஒட்டின மரத்தூளும் சேர்ந்து மிதக்கும். ஊதி ஊதிக் குடிப்போம். எங்க சர்ச்சு ஹாலு அடையாறு ஆத்துக்குக் கிட்டக்க இருந்துச்சு. காத்து இந்தப் பக்கம் திரும்பினா சேத்து நாத்தம் வரும். அதோட மைதா பசை நாத்தமும் சேரும். மயில் துத்தம் போட்டுக் காய்ச்சின பசை, கைவேலைக்காக. அந்த வாடை இன்னிக்கும் என் மூக்குல இருக்கு.

அப்புறம் அந்த ஃபிளானல் பலகை. இப்போ பிள்ளைங்களுக்குப் புரொஜெக்டர் போடுறாங்க, அந்தப் பலகையைச் சொன்னா சிரிக்குதுங்க. பலகை மேல மொசுமொசுன்னு இருக்கிற ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டி வச்சிருப்பாங்க. காகிதத்துல வரைஞ்சு வெட்டின ஆளுங்களோட முதுகுல உப்புத்தாள் துண்டு ஒட்டணும். பெயின்ட் அடிக்கிறவங்க சுவரைத் தேய்ப்பாங்களே, அதே உப்புத்தாள். அதோட சொரசொரப்பு துணியைக் கவ்விக்கும். பசை வேணாம், ஆணி வேணாம், ஆளை எடுத்து எங்க வச்சாலும் நிப்பான். கதை நடக்க நடக்க ஆளை நகர்த்திக்கிட்டே போகலாம்.

பாடம் எடுத்தவங்களை பெரியக்கான்னு கூப்பிடுவோம். காலேஜ்ல படிச்சிட்டிருந்தாங்க. எங்களுக்கு அவங்க பெரிய மனுஷி. இப்ப கணக்குப் போட்டா அவங்களுக்கே பத்தொம்பது வயசுதான் இருக்கும். ஐயரம்மா, அதாவது போதகரோட சம்சாரம், பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. பெரியக்கா பாடம் எடுக்கிறப்ப பிள்ளைங்களை ஒரு கண்ணால பார்ப்பாங்க, ஐயரம்மாவை இன்னொரு கண்ணால பார்ப்பாங்க. பயம்.

அந்த வருஷம் ஆத்தும ஆதாயப் பரிசுன்னு ஒண்ணு வச்சாங்க. சர்ச்சுக்கு வராத வீட்டுப் பிள்ளைங்களை யார் அதிகமா கூட்டிட்டு வர்றாங்களோ அவங்களுக்குப் பரிசு. மூடி மேல ரோஜாப்பூ போட்ட தகரப் பென்சில் டப்பா. அதை முதல் நாளே மேசை மேல எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சுட்டாங்க. நான் அஞ்சு ஆத்துமா பிடிச்சிருந்தேன். எதிர் வரிசையில ஒருத்தியும் அஞ்சு. எனக்கு இன்னும் ஒரு ஆத்துமா தேவைப்பட்டுச்சு.

எங்க வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவுக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஆத்தங்கரைக் குடிசையில இருந்தாங்க. அவளுக்கும் பத்து வயசு. லீவு விட்டா அவ அம்மாகூடவே வந்துடுவா, எங்க வீட்டுக் கிணத்தடியில நாங்க ரெண்டு பேரும் தாயம் ஆடுவோம். என் கூட்டாளி. அவ அப்பாவை நைனான்னு கூப்பிடுவா, அவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. எங்களுக்காகப் புளியங்கொட்டையை உப்புத்தாள்ல ஒரு பக்கம் வெள்ளை தெரியிற வரைக்கும் தேய்ச்சுக் கொடுப்பாரு. வேற யாரு தேய்ச்சாலும் ஒண்ணு ரெண்டு பொளந்துக்கும். அவரு தேய்ச்சது பொளக்காது. சாயங்காலம் குடிப்பாரு, குடிச்சா பாடுவாரு. அவ்வளவுதான் அவருகிட்ட நான் கண்ட குத்தம்.

அந்த வருஷம் பங்குனி கடைசியில ஒரு பங்களாவுல சாரம் சரிஞ்சு விழுந்து செத்துப் போனாரு. எங்கம்மா துக்கம் விசாரிக்கப் போயிட்டு வந்து, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே, "குடிச்சிட்டு ஏறியிருப்பான்"னாங்க. அன்னிக்கு அவரு குடிக்கல, காலையில பத்து மணிக்கு விழுந்தாரு. அது எங்கம்மாவுக்கும் தெரியும்.

வி.பி.எஸ். ஆரம்பிக்கிறதுக்கு மொத நாள், காகித ஆளுங்களுக்கு முதுகுல ஒட்ட உப்புத்தாள் பத்தல. பெரியக்கா கையைப் பிசைஞ்சாங்க. "நான் கொண்டு வரேன்க்கா"ன்னு ஓடினேன். நேரா கூட்டாளி வீட்டுக்கு. அவ நைனாவோட வேலைப் பை குடிசைக்குள்ள ஆணியில தொங்குச்சு. அதுல இருந்து மூணு தாள் எடுத்துக் கொடுத்தா. பாதி தேஞ்சது, ஓரமெல்லாம் நீல டிஸ்டெம்பர் ஒட்டினது. கொடுக்கிறப்ப, "அப்பால திருப்பிக் குட்த்துருவியா?"ன்னு கேட்டா. குடுத்துடுவேன்னு சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே அதை வெட்டி ஆளுங்க முதுகுல ஒட்டினோம். அவளும் வந்து உக்காந்து ஒட்டினா. அப்படியே மறுநாள் வி.பி.எஸ்.ஸுக்கும் கூட்டிட்டுப் போனேன். ஆறாவது ஆத்துமா.

அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கை தட்டிப் பாடுற பாட்டெல்லாம் ரெண்டே நாள்ல பாடம். முதல் வரிசையில சம்மணம் போட்டு உக்காந்து வாயைப் பொளந்து கதை கேப்பா. ஐயரம்மாவே, "இந்தப் பிள்ளை நல்லா கவனிக்குதே"ன்னாங்க. எனக்குத் தலை கால் புரியல. அவளைப் பிடிச்சிட்டு வந்தது நான்தானே.

நாலாம் நாள் பாடம் இரட்சிப்பு. பெரியக்கா பலகையில இந்தப் பக்கம் பழுப்புத் துணி, அந்தப் பக்கம் மஞ்சள் துணி, நடுவுல பெரிய பள்ளம் வச்சாங்க. பள்ளத்துக்கு அடியில சிவப்புத் துணி. அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியும். சிலுவையைப் படுக்க வச்சுப் பாலமாக்கினாங்க. நாலு காகித மனுஷங்க வந்தாங்க. மூணு பேரு பாலத்துல ஏறி மஞ்சளுக்குப் போயிட்டாங்க. நாலாவது ஆளு வேட்டியை மடிச்சுக் கட்டினவன், "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னான். அந்த நாளைக்கு வரல. பெரியக்கா அவனைத் தலைகீழா பிடிச்சு, பள்ளத்துல மெதுவா இறக்கி, சிவப்புத் துணி மேல வச்சுக் கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்தினாங்க.

அதுக்கு மேல ஒரு உதாரணம் சொன்னாங்க. நீ தப்புப் பண்ணிட்ட, ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுத்துட்டாரு, உனக்குப் பதிலா உங்க அண்ணன் போய்க் கையை நீட்டுறான், அடி அவனுக்கு, நீ வீட்டுக்குப் போலாம். இதான் இரட்சிப்பு. ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர். நல்ல உதாரணம்தான். பின்னாடி நானே எத்தனையோ வருஷம் அதைச் சொல்லியிருக்கேன்.

பாடம் ஏழாம் நாள் வரைக்கும் தொடரும்னு பலகையை அப்படியே விட்டுட்டாங்க. அந்த மனுஷன் சிவப்புத் துணியிலயே இருந்தான். கூட்டாளி கிளம்புறப்ப பலகைகிட்ட போய், அவன் முதுகை லேசா தூக்கிப் பார்த்தா. ஓரத்துல நீலம் தெரிஞ்சுது. அப்படியே வச்சுட்டு வந்துட்டா.

ஆத்தங்கரைப் பக்கமா நடந்து வந்தோம். மண்ணு கால்ல சுட்டுச்சு. நிழல் இருக்கிற இடமா பார்த்துத் தாவித் தாவி வந்தோம். நடுவுல நின்னு கேட்டா.

"எங்க நைனாக்கு இந்த சாமியப் பத்தி யாரும் சொல்லல. அது இப்போ எங்க கீது?"

நான் யோசிக்கவே இல்ல. பதில் தெரிஞ்ச பிள்ளை எப்படி யோசிக்கும்? "அந்தச் சேப்புத் துணி இருக்குல்ல, அங்கதான்"னேன்.

"எத்தினி நாளிக்கு?"

"எப்பவுமே. முடியவே முடியாது."

"தண்ணியாச்சும் குட்ப்பாங்களா?"

"ஒரு சொட்டு கூடக் கிடையாது. கேட்டாலும் கிடையாது."

பாவாடை ஓரத்தை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டே வந்தா. அப்புறம், "அக்கா சொன்னாங்கல்ல, ஒர்த்தருக்குப் பதிலா ஒர்த்தர் போலாம்னு. எங்க நைனாக்குப் பதிலா நான் போனா அத்த வெளிய வுட்டுடுவாங்களா?"ன்னா.

நான் சிரிச்சேன். நெஜமாவே சிரிப்பு வந்துடுச்சு. "லூசு, நீயே பாவி. பாவிக்குப் பதிலா பாவி போக முடியாது. ஆண்டவர் மட்டும்தான் போக முடியும்"னேன். போன வருஷம் சண்டே ஸ்கூல் பரீட்சையில இதுக்குத்தான் எனக்கு முழு மார்க்கு. சொன்னதுல ஒரு எழுத்து தப்பு கிடையாது. வேணும்னா உங்க ஐயரைக் கேட்டுப் பாருங்க.

அவ அழல. "மெய்யாலுமா?"ன்னு ஒரு தடவை கேட்டா. ஆமான்னேன். வீட்டுக்குப் போயிட்டா.

ஏழாம் நாள் காலையில ஹாலுக்குள்ள போனா, முன்னாடியே வந்த பிள்ளைங்கெல்லாம் பலகையைச் சுத்தி நின்னு சிரிச்சிட்டு இருந்துச்சுங்க. சிவப்புத் துணியில அந்த மனுஷன் இல்ல. அவன் இடத்துல ஒரு பொண்ணு இருந்தா. தினசரி காலண்டர் தாளோட பின்பக்கத்துல கரியால வரைஞ்சு வெட்டியிருந்துச்சு. ரெட்டை ஜடை. பாவாடைக்கு இலையைக் கசக்கித் தேய்ச்ச பச்சை. முகத்துக்குப் பெருசா ஒண்ணும் போடல, ரெண்டு புள்ளி, ஒரு கோடு. ஆனா பாவாடைக்கு அடியில கரை மட்டும் ஒழுங்கா, ரெண்டு கோடு. என் கூட்டாளிகிட்ட இருந்தது ஒரே ஒரு பாவாடை. பச்சை, கீழே ரெண்டு கோடு.

எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. முதுகுல உப்புத்தாள் ஒட்டியிருந்தா. நாங்கதானே ஒட்டக் கத்துக் கொடுத்தோம்.

பெரியக்கா வந்தாங்க. சிரிப்பைப் பார்த்தாங்க. பின்னாடி ஐயரம்மா எழுந்து நின்னதையும் பார்த்தாங்க. முகம் செத்துப் போச்சு. "ஆண்டவருடைய காரியத்துல விளையாடினது யாரு? அந்த மனுஷன் எங்க? சொல்லலைன்னா இந்த வருஷம் யாருக்கும் பரிசு கிடையாது"ன்னாங்க.

மேசை மேல பென்சில் டப்பா இருந்துச்சு. நான் அதைப் பார்த்தேன். பார்த்துட்டுக் கையை நீட்டிக் காட்டினேன். முதல் வரிசையில பச்சைப் பாவாடையோட உக்காந்திருந்தா.

பெரியக்கா அவளை எழுப்பி நிறுத்தி, "எடு"ன்னாங்க. அவ இடுப்புல பாவாடை மடிப்புக்குள்ள இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தா. ஈரத் துணி. பாவாடையும் இடுப்புப் பக்கம் நனைஞ்சிருந்துச்சு. துணியைப் பிரிச்சா உள்ள அந்த மனுஷன். சாயமெல்லாம் கரைஞ்சு, வேட்டியும் முகமும் ஒண்ணா கலந்து, ஊறிப் போய் இருந்தான். எத்தனை தடவை நனைச்சாளோ.

"எதுக்கு இப்படி நனைச்சு நாசம் பண்ணி வச்சிருக்க?"ன்னு பெரியக்கா கேட்டாங்க.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. ஒரு சொட்டு கூடக் கிடையாதுன்னு சொன்னவளை. நான் வாயைத் திறக்கல. திறந்து அந்த ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தா, பெரியக்காவுக்கு விளங்கியிருக்கும்னு இன்னிக்கு நினைக்கிறேன். விளங்காமலும் போயிருக்கலாம்.

ஐயரம்மா பின்னாடியிருந்து, "பிள்ளைங்களுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்"னாங்க. பெரியக்கா அந்தப் பொண்ணு பொம்மையைப் பிச்சு எடுத்து, கையிலயே கசக்கி, பொறை வந்த பழைய காகிதங்களோட கூடையில போட்டாங்க. எனக்குக் கேட்ட சத்தம், ஃபிளானல்ல இருந்து உப்புத்தாள் பிரியிற சர்ருங்கிற சத்தம் மட்டும்தான். அப்புறம் ஈர மனுஷனை என் கையில கொடுத்து, "நீயே ஒட்டும்மா"ன்னாங்க. உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு மரியாதை.

சிவப்புத் துணியில வச்சேன். ஈரம், நிக்கல, சறுக்கிச்சு. மறுபடி வச்சேன். முதுகுல உப்புத்தாள் பாதி கழண்டு தொங்குச்சு, அதை மடிச்சு உள்ள தள்ளி, உள்ளங்கையை வச்சு அழுத்திப் பிடிச்சேன். துணி அவனைக் கவ்வுற வரைக்கும் பிடிச்சேன்.

"வாணா. அத்த வுட்டுடு"ன்னு அவ சொன்னா. சத்தமா சொல்லல, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னா. நான் கையை எடுக்கல.

அப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதை மறைச்சா இதை எழுதுறதே வீண். நூத்துக்கு மேல பிள்ளைங்க பார்க்க, பெரியக்கா என்னைக் கூப்பிட்டு வேலை சொன்னாங்களேன்னு பெருமை. வெக்கம் வர எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு.

அவ வெளிய போயிட்டா. ஜூஸுக்குக் கூட நிக்கல. பேரு ஏற்கனவே நோட்டுல ஏறிட்டதால ஆறாவது ஆத்துமா எனக்கே சேர்ந்துச்சு. பத்தாம் நாள் ஐயரம்மா கையால பென்சில் டப்பாவை வாங்கினேன். கை தட்டினீங்களே, உங்கள்ல சில பேராவது அங்க இருந்திருப்பீங்க.

அவ ஹாலை விட்டுப் போன மறுநாள்ல இருந்தே அவங்கம்மா எங்க வீட்டுக்கு வரல. எங்கம்மா பத்து நாள் பாத்திரம் தேய்ச்சு இடுப்பு பிடிச்சுப் போய், "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா பாரு. அவ பொண்ணுக்கு நாம நல்ல வழி காட்டினோம், நன்றி இருக்கா இந்த ஜனங்களுக்கு"ன்னாங்க. எங்கம்மா கெட்டவங்க இல்ல. ஜெபம் பண்றப்ப அந்தக் குடும்பத்து மனந்திரும்புதலுக்காகவும் பேர் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. அதைக் கேட்டு நானும் ஆமென் சொல்லியிருக்கேன். டப்பா ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சு, மூடி திறக்காம போச்சு.

அடையாறு பொங்கி சர்ச்சுக்குள்ள வந்த வருஷம், ஸ்டோர் ரூம்ல மார்பு வரைக்கும் தண்ணி. வடிஞ்சதும் உள்ள போய், எதை வைக்கலாம், எதை எறியலாம்னு பிரிச்சது நான். சண்டே ஸ்கூலுக்கு நான்தானே பெரிய ஆளு. அந்தப் பலகை உப்பிப் போய்க் கிடந்துச்சு, துணியில சேறு. திருப்பிக் கூட பார்க்கல. "குப்பையில போடு"ன்னேன். அதே தண்ணிக்கு அப்புறம்தான் ஆத்தங்கரைக் குடிசைங்களையும் பிரிச்சு, ஜனங்களை பெருங்குடிக்கும் அந்தாண்ட அடுக்குமாடியில கொண்டு போய் வச்சாங்க.

ஃபிசியோ பொண்ணு அந்தக் கேள்வியைக் கேட்டுட்டுப் போன பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. எங்க தெரு முனை ஆட்டோக்காரர் அந்த ஆத்தங்கரைக் குடிசைங்கள்ல பொறந்தவர். அவருகிட்ட பேர் சொன்னேன், நைனா பெயின்டர்னு சொன்னேன், கண்டுபிடிச்சுட்டாரு. பஸ் ஏறிப் போனேன். பெருங்குடிக் குப்பை மேட்டு நாத்தத்துக்கு பஸ்ஸுல எல்லாரும் மூக்கைப் பொத்தினாங்க. இறங்கி, பிளாக்கு தேடி, பார்த்தா எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடல. இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு மாடிக்கும் உக்காந்து உக்காந்து ஏறினேன். ஏறுறப்ப மனசுக்குள்ள ஒரு சந்தோஷம், இவ்வளவு கஷ்டப்படுறோமே, இதையாச்சும் கணக்குல எடுத்துப்பாங்கன்னு. இலவசம் இலவசம்னு நாப்பது வருஷம் சொன்னவ புத்தியைப் பாருங்க.

கதவு திறந்திருந்துச்சு. தரையில உக்காந்து அவரைக்காய் நறுக்கிட்டு இருந்தா. தலை முழுக்க வெள்ளை. என்னை அண்ணாந்து பார்த்தா. எனக்கு மூச்சு வாங்குச்சு. எழுந்து உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டு வந்து கையில கொடுத்தா. யாரு, எவருன்னு ஒண்ணும் கேக்கல. முழுசா குடிச்சேன்.

"அடையாறு. சர்ச்சு பக்கம். உங்கம்மா எங்க வீட்ல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தெர்து. பென்சில் டப்பா"ன்னா. உக்காந்து மறுபடி காய் நறுக்க ஆரம்பிச்சுட்டா.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சின்ன வயசு, புரியாம செஞ்சுட்டேன், தப்பு, மன்னிச்சுடு. அழுகை கூட வந்துச்சு. அவ காயை நிறுத்தல.

"அத்த வெளிய எட்த்தியா?"ன்னா.

எதைன்னு நான் கேக்கல.

"எங்க நைனாவ. அந்தத் துணில இருந்து. அப்பால யாரும் இல்லாத நேரம் ஒரு வாட்டியாச்சும் வெளிய எட்த்து வெச்சியா?"

அந்தப் பாடம் முடிஞ்ச பிறகும் மூணு நாள் அதே ஹால்ல இருந்தேன். அதுக்கப்புறம் நாப்பது வருஷம் ஸ்டோர் ரூம் சாவியே என் கையில. "இல்ல"ன்னேன்.

"தோ, எட்டு மாடி ஏறி வந்து மன்னிப்பு கேட்டுக்கினுகீற. எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் கீறேன். போய் மொதல்ல அத்த வெளிய எட்த்துட்டு வா. அப்பால பேசலாம்"னா. கோவமா சொல்லல. கடைக்குப் போய்ட்டு வான்னு பிள்ளையை அனுப்புற மாதிரி சொன்னா. நறுக்கின காயை முறத்துல இருந்து சட்டிக்குத் தள்ளிட்டு, அடுப்புப் பக்கம் போயிட்டா.

பலகை இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. இறங்கி வந்துட்டேன்.

அடையாறு சிக்னல்கிட்ட ஹார்டுவேர் கடையில ஒரு உப்புத்தாள் வாங்கினேன். கடைக்காரர், "என்ன நம்பரும்மா, எதுக்கு?"ன்னார். பேத்தி ஸ்கூலுக்குன்னு பொய் சொன்னேன். பழைய சிவப்பு ஜாக்கெட் பிட் ஒண்ணு இருந்துச்சு, அதை அட்டை மேல இழுத்துக் கட்டினேன். வேட்டியை மடிச்சுக் கட்டின ஒரு மனுஷனை வரைஞ்சு வெட்டி, முதுகுல உப்புத்தாள் ஒட்டி, துணி மேல வச்சேன். எடுத்தேன். சுலபமா வந்துட்டான். அவ்வளவுதானா வேலைன்னு ஒரு நிமிஷம் இருந்துச்சு.

ஆனா அவ வெறுமனே எடுத்துட்டுப் போகலையே. எடுத்த இடத்துல ஆள் வச்சுட்டுத்தானே போனா. நானும் வரைஞ்சேன். கிழவி, மூக்குக் கண்ணாடி, நரைச்ச கொண்டை, வலது முட்டியில கட்டு. உப்புத்தாள் ஒட்டினேன். வெறும் காகிதம். ஜாக்கெட் துணி. அறுபத்தி நாலு வயசு ஆச்சு எனக்கு, எல்லாம் தெரிஞ்சவ. துணிகிட்ட கொண்டு போனேன், கை நின்னுடுச்சு. வீட்ல யாரும் இல்ல, ஒருத்தரும் பார்க்கல, அப்பவும் கை போகல. அரை மணி நேரம் அந்தக் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பத்து வயசுல அவ எப்படி வச்சா?

நாளைக்கு ஃபிசியோ பொண்ணு வருவா. வசன அட்டையைக் கழட்டி வச்சுட்டேன். காகிதக் கிழவியை மடங்காம மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்.